புனிதா லினக்ஸ் போட்ட சனிக்கிழமை

“லினக்ஸ் தெரியுமா?” என்று வெள்ளிக்கிழமை வேலை நேர்முகத்தில் மகிந்தன் கேட்டபோது புனிதாவின் வாய் முந்திக்கொண்டது.

“தெரியும் சார்.”

“நல்லது. திங்கட்கிழமை உங்க லேப்டாப்ப கொண்டு வாங்க. அதுல கொஞ்சம் செஞ்சு காட்டுங்க, மத்தத அப்புறம் பேசலாம்.”

ரஹாங்கில் கடைவீட்டு மாடியிலிருந்த அந்தச் சின்னக் கணினி நிறுவனத்திலிருந்து இறங்கி, வீட்டுப் பக்கம் போகும் ரந்தாவ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு வியர்த்தது. லினக்ஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், விண்டோஸுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். ஏன் அப்படிச் சொன்னாள்? பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். புரிந்ததா என்று கேட்டால் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டிவிடுவாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதைச் சொல்லித்தரவும் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

அவர்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் இணையம் ஆமை வேகம். அதனால் வைஃபை இருந்த ரந்தாவ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு கோப்பை தே தாரிக் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்து, லினக்ஸைப் பதிவிறக்கி, கைப்பேசியில் செய்முறை பார்த்துப் பார்த்துப் பென்டிரைவில் ஏற்றினாள்.

சனிக்கிழமை அப்பா அர்ச்சுனன் செனாவாங்கில் காவல் வேலைக்குப் போயிருந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், லயத்தில், மிச்சமிருந்த தமிழ் வீடுகள் இரண்டுதான், இவர்களுடையதும் ராமசாமியுடையதும். மற்றவற்றில் வங்காளதேசத் தொழிலாளர்கள். அவர்களும் செம்பனைக் குலை வெட்டப் போய்விட்டார்கள். புனிதா பென்டிரைவைச் செருகி மடிக்கணினியைத் திறந்தாள். நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றது. ஓட்டிப் பார்த்தாள்.

திரை சுத்தமாக, புதிய வீடு போல வந்து நின்றது. பழைய விண்டோஸ் மாதிரி முக்கி முனகவில்லை. பின்னணிப் படத்தை மாற்றினாள், எதையெதையோ திறந்து மூடினாள். “இங்க பாரேன்” என்று சொல்லத் திரும்பினாள். சுவர்தான் இருந்தது. ஒரு படம் எடுத்துப் பல்கலைக்கழகத் தோழிகளின் வாட்சாப் குழுவில் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டமளிப்பு விழாப் படங்களைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு, நிறுவு என்பதை அழுத்தினாள். பழையது எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்தது. சரி என்றாள். பேட்டரி எப்போதோ செத்துவிட்ட மடிக்கணினி அது, பிளக்கில் இருந்தால்தான் உயிர். எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக் கோடு பாதி வரை நகர்ந்திருந்தது. வெளியே வானம் ஒருமுறை உறுமியது.

திரை பட்டென்று அணைந்தது. மின்விசிறியும் நின்றது.

“அம்மா! என்னாம்மா பண்ணே?”

“மெயின எறக்கிட்டேன்,” என்றாள் மாரியம்மா கூடத்திலிருந்து. “இடிக்குது, காது கேக்கலயா? ராமசாமி வூட்டு டிவி பொகஞ்சு போனது மறந்துட்டியா?”

அந்த லயத்தில் இடி இடித்தால் மெயினை இறக்குவது, மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவது போலத்தான். அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இருட்டில் உட்கார்ந்து தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை விட்டு மெயினை ஏற்றியபோது, கறுத்த திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. இயங்குதளம் எதுவும் இல்லையாம். பழையது போய்விட்டது, புதியது வரவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “செத்துப் போச்சா?”

“புதுசு போடலாம்னு பழச அழிச்சேன் மா.”

“நல்லாத்தானே ஓடுச்சு? ஏன் அழிச்சே?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வெள்ளிக்கிழமைப் பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தாள். மடிக்கணினியின் பட்டனை மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

“படிச்ச புள்ளதானே, எழுப்பி வுடு லா,” என்றாள் அம்மா. கிண்டல் பாதி, நம்பிக்கை பாதி. அந்த நம்பிக்கைதான் புனிதாவுக்குத் தாங்கவில்லை.

பென்டிரைவ் பிழைத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.

“இனிமே இடிச்சா மெயின தொடாத மா.”

“அப்ப டிவி?”

“பிளக்க புடுங்கிட்டேன்.”

“பிரிட்ஜு?”

“அதையும்தான்.”

நம்பாமல், அம்மா மெயின் பெட்டிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தூரத்தில் முழங்கும்போதெல்லாம் கை ஒருமுறை மேலே போய்த் திரும்பியது. நீலக் கோடு கடைசி வரை போய்ச் சேர்ந்தது.

“இதுக்கா இவ்ளோ பாடு?” அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். “பழைய மாதிரிதானே இருக்கு.”

புனிதா சிரித்தாள். அம்மா அடுப்படிக்குப் போனதும் சிரிப்பு நின்றது. ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். கொஞ்சம் புரியப் புரிய, புரியாதது கூடிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை மகிந்தன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா யூஸ் பண்றீங்க?”

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

“சனிக்கிழமைலேருந்து சார். அன்னைக்குத் தெரியும்னு சொன்னது பொய்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “போடும்போது எதை ஒடைச்சீங்க?”

சொன்னாள்.

“இடிக்கு மெயினையே ஆஃப் பண்ணுவாங்களா?” டவுனில், ரஹாங்கிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“எங்க தோட்டத்துல பண்ணுவாங்க சார்.”

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பக்கத்து அறையைக் காட்டினார். “அங்க ஒரு பழைய பிரிண்டர் இருக்கு. உங்க லேப்டாப்புலேருந்து அதுல ஒரு பக்கம் அடிக்கணும். தெரியுமா?”

“தெரியாது சார். பார்க்கிறேன்.”

“பாருங்க,” என்றவர், ஒலித்த தொலைபேசியை எடுத்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அறை குளிர்ந்து கிடந்தது. பிரிண்டரின் கேபிள் தூசி படிந்து மேசைக்கு அடியில் தொங்கியது. புனிதா குனிந்து அதை இழுத்து, தன் சட்டையின் ஓரத்தால் துடைத்து, செருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்கினாள்.