கொம்பு உடைந்த பைப்பு

தானியேலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் இருமல்தான் வரும். இருபது வருஷம் அவன் விட்ட புகையை விழுங்கியவன் நான். ஆம்பூரில் ஊரே பீடியும் சுருட்டும் பிடித்தது. இவன் ஒருத்தனுக்கு மட்டும் பைப்பு. அதுவும் ஒன்றில்லை, பதினொன்று.

அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். பதனிட்டுக் காய்ந்து வரும் ஆட்டுத் தோலைத் தரம் பிரிப்பது அவன் வேலை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, விரலால் தடவி, மடித்து, முகர்ந்து பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வீசுவான். அந்தக் குவியலை மூட்டையாகக் கட்டி மேலே மையால் மார்க் போடுவது ஆதிகேசவனாகிய என் வேலை. சாயபு முதலாளி மற்றவர்கள் செய்ததையெல்லாம் நாலு தடவை புரட்டிப் பார்ப்பார், தானியேல் வீசிய தோலை மட்டும் தொடமாட்டார். அந்தக் கர்வம் அவனுக்கு நிறையவே உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் வேறு, கேட்க வேண்டுமா?

பைப்பு ஆசை எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. கோலார் தங்கச் சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் ஜோலார்பேட்டையில் ரயில் மாறும்போது உடைந்த மண் பைப்பைத் தண்டவாளத்தில் எறிவார்கள். அதில் ஒன்றைப் பொறுக்கினான். வேலூரில் ஒரு டாக்டர் துரை சீமைக்குப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டார். நாற்காலி வாங்கப் போனவன் வேர்க்கட்டைப் பைப்போடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். வெல்லத் தண்ணீர் தெளித்து உலர்த்திய புகையிலையைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்து அமுக்குவான். பற்றவைத்து அணைப்பான், மறுபடி பற்றவைப்பான். ஒரு பைப்பு முடிய ஒரு மணி நேரம். அவன் மனைவி அமிர்தவள்ளி இரண்டு தடவை சோற்றைச் சூடு பண்ணிவிட்டு, அப்புறம் தான் மட்டும் சாப்பிட்டுவிடுவாள். "வாரம் முழுக்கத் தோல் நாத்தம் ஆதி. இந்த ஒரு மணி நேரம்தான் என் மூக்கு எனக்குச் சொந்தம்" என்பான். அதைக் கேட்டால் திட்ட மனசு வராது.

பைப்புகளை மாட்ட ஒரு பலகை செய்தான். அதன்மேல் ஓர் ஆட்டுத் தோலை இழுத்து ஆணி அடித்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதற்காகவே கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்போம். இவனுக்கோ கடுக்காய் படாத தோலின் வெளுப்புத்தான் அழகாம். அப்படியே கேட்டு வாங்கி வந்து ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டான். "சிவந்துடும்டா" என்றேன். "சிவக்கட்டும், அதுவும் அழகுதான்" என்றான். சிவந்தது.

பதினொன்றில் ஒன்றுதான் அவன் உயிர். நுரைபோல் லேசான வெள்ளைக் கல்லில் செதுக்கிய ஆட்டுத்தலை. புகை குடிக்கக் குடிக்க அந்தக் கல் தேன் நிறமாகிக்கொண்டே வரும். இடது கொம்பின் நுனி மட்டும் உடைந்திருக்கும். 1924-ல் ஜோலார்பேட்டையில் வெயிட்டிங் ரூம் கூட்டுகிற பெருமாள் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். நானும் கூட இருந்தேன். "எவனோ துரை மறந்துட்டுப் போனது. யாரும் வந்து கேக்கல" என்றான் பெருமாள். தானியேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் புதுக் கோட்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கினான்; அதை மாட்டத்தான் அந்தப் பலகையே செய்தான். கோட்டு ரயிலில் திருட்டுப் போய்விட்டது என்று வீட்டில் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மதராஸ் கம்பெனியின் புது ஏஜெண்டு துரை தோல் பார்க்க வந்தார். எங்கள் சரக்கில் முக்கால்வாசி அந்தக் கம்பெனிக்குத்தான். துரை மேஜை ஓரமாக நின்று ஒரு புதுப் பைப்பைப் பற்றவைக்கப் பார்த்தார். அது அணைந்து அணைந்து போயிற்று. சலித்துப்போய் முதலாளியிடம், தன் அப்பா பிடித்த பைப்பு ஒன்று இருந்தது, ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்போது தொலைந்தது, இரண்டு தடவை ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை என்றார். ஆட்டுத்தலை என்றார். சின்ன வயதில் தான்தான் அதைக் கீழே போட்டுக் கொம்பை உடைத்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

 தானியேல் கையில் ஒரு தோல் விரிந்தபடியே நின்றது. பிறகு அதை வீசினான். எந்தக் குவியலில் வீசினான் என்று அவனே பார்க்கவில்லை.

விவரம் தெரியாத முதலாளி உற்சாகமாகிவிட்டார். "அரே தானியேலு, உன் வூட்டுல இருக்கிற பைப்பெல்லாம் துரைக்குக் காட்டணும்பா!" துரையின் முகம் மலர்ந்தது. நாளைச் சாயங்காலம் வருகிறேன் என்று தானியேலின் தோளைத் தட்டினார்.

வேலை முடிந்து பாலாற்றங்கரையில் நடக்கும்போது அவனைப் பிடித்துக்கொண்டேன். "காலையில கொண்டுபோய்க் குடுத்துடு. வாங்கினேன், தெரியாதுன்னு சொல்லு."

"யார்கிட்ட வாங்கினேன்னு கேப்பாரு. பெருமாளு வேலை போய்டும். ஜெயிலுக்குக்கூட அனுப்புவாங்க."

"பெருமாளுக்காகவா இந்த பேஜாரு?"

 கொஞ்ச தூரம் போய், "மூணு வருஷமா நான்தான் அதுக்கு நிறம் ஏத்தினேன், ஆதி" என்றான். எனக்குக் கோபம் வந்தது. பரிதாபமும் வந்தது, அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. அவன் வேலை, பேர், எல்லாம் அந்த ஒரு பைப்பில் தொங்குகிறது. இவன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறான்.

மறுநாள் முழுக்க அவன் தோல் பிரித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள்தான் வேலை செய்தன. சாயங்காலம் துரையும் முதலாளியும் வருவதற்கு முன்பே நான் அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆட்டுத்தலையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தான். ஆணி காலியாக இருந்தால் கேள்வி வரும் என்று அங்கே ஒரு சின்ன மண் பைப்பை மாட்டியிருந்தான். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். 

மூன்று வருஷ வெயிலில் தோல் முழுக்கச் சிவந்திருந்தது, பைப்புகள் மறைத்த இடம் தவிர. அந்த மண் பைப்பைச் சுற்றி, வெளுப்பாக, ஓர் ஆட்டின் தலை. இரண்டு கொம்புகள். தோலிலேயே பிறந்து வளர்ந்தவன், அதை யோசிக்கவில்லை! நான் விரலைக் காட்டினேன். அவன் பார்த்தான்.  பலகையைக் கழற்றலாம் என்று கை வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

தானியேல் ஒவ்வொரு பைப்பாகக் கழற்றி நீட்ட, துரை உட்கார்ந்தபடியே வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார், கேள்வி கேட்டார். தானியேல் பதில் சொன்னான். குரல் மட்டும் அவனுடையதாக இல்லை. அமிர்தவள்ளி கொண்டுவந்த காபியை யாரும் தொடவில்லை. முதலாளி சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பலகைக்கு வந்ததும் நின்றார். அவர் பார்வை ஓரிடத்தில் நிலைத்தது. பிறகு தானியேலைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பேச்சு அவருக்கும் ஞாபகம் இருந்தது.

அவர் மெல்ல நகர்ந்து பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆனால் துரை கடைசிப் பைப்பைத் தேடி எழுந்து அங்கேயே வந்தார். குனிந்து, மண் பைப்பை எடுத்தார். அதன் பின்னாலிருந்த வெளுப்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"கறை, துரை" என்றார் முதலாளி. "கெட்டுப்போன தோலு."

நாற்பது வருஷ வியாபாரத்தில் தோலைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். துரை தலையாட்டவில்லை. விரலை வைத்து அந்த வெளுப்பின் ஓரமாக மெதுவாக ஓட்டினார். வலது கொம்பு முழுசாக வளைந்து முடிந்தது. இடது கொம்பில் விரல் நுனிக்கு முன்பே நின்றுவிட்டது.

 தானியேல் அடுப்படிக்குப் போனான். அரிசி ஒட்டிய பைப்பைக் கொண்டுவந்து துரையின் கையில் வைத்தான்.

யாரிடம் வாங்கினாய் என்று துரை கேட்டார். மூன்று தடவை கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. என்னையும் ஒரு பார்வை பார்த்து அடக்கினான். துரை அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. முதலாளியிடம் திரும்பி, திருடன் கை பட்ட சரக்கு எங்களுக்கு வேண்டாம், இவன் இருந்தால் கம்பெனி வாங்காது என்றார்.

வாசலில் முதலாளி அவரைக் கெஞ்சினார். "அவன் தோல் பாக்கற கண்ணை மட்டும் ஒரு தடவை பாருங்க, துரை. நேத்தும் இன்னிக்கும் பிரிச்ச சரக்க நாளைக்கி நீங்களே சோதிங்க. ஒரே ஒரு தோல் தப்பா இருந்தா, நானே அவன அனுப்பிடறேன்."  அந்த இரண்டு நாள் சரக்கையா போய்ப் பந்தயம் வைத்தார்!

வியாழக்கிழமை காலை முதல் தரக் குவியலை மேஜையில் போட்டோம். துரை கோட்டைக் கழற்றிவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவினார். கத்தி பட்ட வெட்டு, அம்மை வடு, உப்புப் புள்ளி, எல்லாம் தேடினார். பத்து தோல். இருபது. நாற்பது. ஒன்றிலும் குறை இல்லை. எனக்கு மூச்சு வந்தது. துரை கையைத் துடைத்துக்கொண்டு, சரி என்பதுபோல் முதலாளியைப் பார்த்தார்.

"இருக்கு, துரை" என்றான் தானியேல்.

நான் அவன் காலை மிதித்தேன். அவன் கவனிக்கவில்லை. குவியலுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக இழுத்தான். ஒரு தோலின் கழுத்தோரம் வெட்டு. ஒன்று மடித்தால் வெடித்தது. ஏழு தோலை எடுத்து மூன்றாம் தரத்தில் வீசினான். "என் மனசு இங்க இல்லாதப்போ போட்டது. இத முதல் தரம்னு அனுப்ப முடியாது" என்றான்.

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. "பைத்தியக்காரா. ஒரு தோல் தப்பா இருந்தா அனுப்பிடறேன்னு வாக்கு குடுத்துட்டேனேடா" என்றார். நாங்கள் எல்லாரும் துரையின் வாயைப் பார்த்து நின்றோம்.

துரை பையிலிருந்து ஆட்டுத்தலைப் பைப்பை எடுத்தார். யோசனையாகவே புகையிலையை அழுத்தித் திணித்தார், தீக்குச்சியைக் கிழித்தார், சூடான கிண்ணத்தை உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக இழுத்தார்.

"ஐயோ, துரை, அங்க பிடிக்காதீங்க!" தானியேல் கத்தியேவிட்டான். "சூட்டுல கை பட்டா நிறம் திட்டுத் திட்டாப் போய்டும். தண்டப் பிடிங்க. மெதுவா இழுங்க, அது சூடு தாங்காது."

 துரை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைத் தண்டுக்கு மாற்றினார். மெதுவாக ஒரு தடவை இழுத்து, மெதுவாகவே விட்டார். பிறகு முதலாளியிடம், மூட்டையைக் கட்டுங்கள், அடுத்த சரக்கையும் இவனே பிரிக்கட்டும் என்றார்.

முதலாளி அல்லாவை அழைத்தார். நான் மை டப்பாவைத் தேடினேன். அவசரத்தில் மார்க் கோணலாக விழுந்தது. தானியேலைத் திரும்பிப் பார்த்தேன். வேலை தப்பியது அவன் காதில் விழவே இல்லை. துரையின் கையிலிருந்த பைப்பையே பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தான்.