என் வாசலுக்கு நேராக வந்த பாதை

என் வயிற்றெரிச்சலை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தாடிக்கொம்பு ரோட்டை ஒட்டிய பழைய காலனியில் எங்கள் வீடு. எதிரே சம்பங்கித் தோட்டமாக இருந்த இடம் இப்போது மனைப்பிரிவு. அதைத் தாண்டி, வாய்க்கால் கரையின் கோடியில் பள்ளிக்கூடம். கூப்பிடு தூரம்தான், ஆனால் குறுக்கே வழி கிடையாது. ஏழாவது படிக்கும் என் மகள் சைக்கிளில் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். தேங்காய் லாரி ஒன்று அவளை உரசுகிற மாதிரி போன அன்று, "இந்த மனைக்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் பாதை விட்டா என்ன?" என்று முதலில் கேட்டது நான். அடுப்படியில் நின்று கேட்டேன். யார் காதிலும் விழவில்லை என்று நினைத்தேன்.

என் ஓரகத்தி காதில் விழுந்திருக்கிறது. கொழுந்தனாரின் மனைவி, சிவில் படித்தவள். அந்த மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டதே அவள்தான். வீடும் அங்கேயே கட்டிக் குடிபோய்விட்டாள். ஒரே வாரத்தில் படத்தோடு வந்து நின்றாள். பள்ளியிலிருந்து வாய்க்கால் கரை வழியாக மனைகளுக்கு நடுவே ஒரு பாதை. பைக் நுழையாதபடி முகப்பில் கல், திருப்பங்களில் விளக்கு, நிழலுக்குப் புங்கை. வந்து முடிகிற இடம் எங்கள் வாசல். "மூளைன்னா இதுதான் மூளை" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், மனை போட்டவர் காலனி, மனைப்பிரிவு இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டிப் படத்தை விரித்தார். ஆளாளுக்கு அவளைப் பாராட்டினார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

"பாதை நேரா எங்க வாசல்ல வந்து குத்துதே. தெருக்குத்து வீட்டுல நாங்க எப்படிக் குடியிருக்கிறது?" என்றேன்.

தெரு வந்து முட்டுகிற வீடு ஆகாது என்பவர்களை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவள் நான். ஆனால் மனை விற்கிறவரைக் கலங்கடிக்க அந்த ஒரு வார்த்தை போதும்.

"ஒரு பிள்ளையார் வச்சிட்டாச் சரியாப் போகும்மா" என்றார் அவர்.

"நாங்க வேதக்காரங்க. பிள்ளையார எப்படி வைக்கிறது?"

"மாதா கெபி கட்டிக்கலாம்க்கா" என்றாள் ஓரகத்தி மெதுவாக.

"தெருக்குத்தத் தாங்குறதுக்கா மாதா இருக்காங்க?"

மனை போட்டவர் படத்தைச் சுருட்டிவிட்டார். பாதை மனைப்பிரிவோடு நின்றது. எங்கள் வாசலுக்கு எதிரே மதில் எழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன். என் மகள் பழையபடி லாரிகளோடு போனாள்.

அவள் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலை ஓடாது. அதையும் ஓரகத்திதான் கண்டுபிடித்தாள். "பாப்பா சைக்கிள் எங்க வீட்டுலயே நிக்கட்டும்க்கா. மாமா காலையில கொண்டாந்து விட்டா, பாதை வழியாப் போயிரும்" என்றாள், என் வீட்டுக்காரரைச் சொல்லி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மகள் காலைச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்கிறாள். சித்தி தோசை மொறுமொறுவென்று இருக்கிறதாம். அந்தத் தோசை மேலும் எனக்குப் பொறாமை.

பள்ளிக்குக் கிளம்புமுன் பாதை முடிகிற இடம்வரை வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு முறை மணி அடிப்பாள். நான் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வருவேன். மதில்தான் தெரியும்.

போன வாரம் ஓரகத்தி என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள். "மதில்ல ஒரு கதவு அளவுக்குப் பூசாமச் செங்கல்லச் சும்மா அடுக்கித்தான் வைக்கச் சொன்னேன்க்கா. உங்க வாசலுக்கு நேரா இல்ல, நாலடி தள்ளி. தெருக்குத்துன்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க சரின்னா ஒரு நாள் வேலை."

அப்படியென்றால் அன்றைக்கே அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

இன்று காலையும் மணி இரண்டு முறை கேட்டது. "பாத்துப் போ" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் என்னைக் கடந்து மெயின் ரோட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இன்னும் சொல்லவில்லை.