பர்மனென்ட் படுத்திருந்த கட்டில்

"எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டா பூனை பொழச்சிக்குமாடி?" என்று அத்தை கேட்டபோது, நான் எலிப்பசை டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, அதன் பக்கவாட்டில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டிருந்த வரிகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. நனைந்த நிலக்கரிக்கென்று ஒரு வாசனை உண்டு. ஊறிப்போன மரமும் அணைந்த தீக்குச்சியும் கலந்த வாசனை. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

அப்பா, அம்மா, எங்களோடு இருந்த அத்தை, மூவரும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். நான்காம் வகுப்பில் இருந்த நான்தான் குடும்பத்தின் முதல் படிப்பாளி. பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்வதும் மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் அது குறையவில்லை, குறைத்துக்கொள்ளக் காரணமும் தெரியவில்லை.

அம்மா டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்தார். சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியரான அந்த வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் குடும்பமே நாகர்கோவில் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பியது. லாரியில் பீரோவுக்கு இடமிருந்தது, ஊஞ்சல் பலகைக்கு இடமிருந்தது, பூனைக்கு மட்டும் இல்லை. அந்த வீட்டம்மா பூனையைக் கூடையில் வைத்து மேலே துண்டைக் கட்டி, பொங்கலுக்குப் போன் செய்வேன், அப்போது இதன் குரலைக் கேட்க வேண்டும் என்று கண்கலங்கச் சொல்லி அனுப்பினாராம். அம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பா, ஷிப்ட் முடிந்து வந்து கூடைக்குள் எட்டிப்பார்த்தார். "நாமளே கான்ட்ராக்ட்டு. நம்ம வூட்டுக்குப் பர்மனென்ட்டு ஒண்ணு வந்திருக்குது. எல்லாரும் எழுந்து நின்னு வணக்கம் வைங்க" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

மொசைக் தரையில் வளர்ந்த அந்தப் பூனைக்கு நெருப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வந்த அன்றே எங்கள் கரியடுப்புக்குள் மூக்கை நீட்டி ஒரு பக்க மீசையைப் பொசுக்கிக்கொண்டது. அம்மா நடுங்கிப்போனார். "இதுக்கு ஒண்ணுன்னா அந்தம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்றது? இன்னொரு வாட்டி எதனா ஆவட்டும், அன்னிக்கே மீன்காரம்மா வூட்டுல குடுத்துடுவேன்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படித்தான் எலிப்பசை டப்பாவில் தொடங்கினேன். பினாயில், கொசுவத்தி, பேன் மருந்து என்று வீட்டில் எழுத்துள்ள எதையும் விடவில்லை. "பிராணிகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்று இருந்ததையெல்லாம் பரணில் ஏற்றினேன். கொதிக்கும் கஞ்சிப்பானைக்கு மூடி வைக்கச் சொன்னேன். அம்மாவின் தையல் ஊசியைக்கூட நூலோடு டப்பாவில் அடைத்தேன். எஞ்சியது தெருநாய்கள்.

நாய்கள் வராத இடத்தைப் பூனையே கண்டுபிடித்தது. வீட்டின் பின்புறம் தகரம் சாய்த்துக் கட்டிய சிறிய அறை ஒன்று இருந்தது, "சாய்ப்பு" என்போம். அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவரான பெரியப்பா நோயில் கிடந்து இறந்தது அங்கேதான். அதன்பின் அவருடைய நைலான் நாடாக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. வேகத்தடையில் லாரிகள் குலுங்கும்போது சாலையில் சிந்தும் கரியையும் தூளையும் அப்பா கோணிகளில் சேர்த்துக்கொண்டுவந்து, மழைக்காலச் சமையலுக்கென்று அந்தக் கட்டிலின் அடியிலும் மேலும் சூடு வெளியேற வழியில்லாமல் நெருக்கி அடுக்கியிருந்தார். பர்மனென்ட் அந்த மூட்டைகளின்மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. அதைத் தூக்கப் போனபோது கோணியில் கை வைத்தேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயைப்போல் வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் படாத அறை. நான்கு நாட்களாகச் சூரியனே வரவில்லை.

அத்தை தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "அண்ணன் வந்து படுத்துக்கினு இருக்குது" என்றார் மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "சும்மா இருங்க அண்ணி, புள்ள பயந்துக்கும்" என்று சொன்ன அம்மாவும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அன்று முதல் சாயங்காலம் அத்தை ஒரு தம்ளர் டீயைக் கொண்டுபோய் மூட்டைமேல் வைத்தார். அப்பாவின் டீ கூடத்தில் ஏடு கட்டி ஆறிக் கிடக்கும். நெடுநேரம் கழித்து எடுத்தாலும் பெரியப்பாவின் டீயில் சூடு இருக்கும். "பாரு, ஆற வுடமாட்டாரு" என்று அத்தை அதை என் கன்னத்தில் வைத்துக் காட்டுவார். விடியற்காலையில் கதவைத் திறந்தால் கட்டிலின்மேல் வெள்ளையாக ஏதோ மெல்ல எழும்பி, கூரைத் தகரத்தில் பட்டு, துளித்துளியாகத் திரும்பக் கட்டிலிலேயே சொட்டிக்கொண்டிருக்கும். யாரோ அங்கே மூச்சு விடுவதுபோல் இருக்கும். பர்மனென்ட் எதிரே உட்கார்ந்து, எங்களுக்குக் கேட்காத எதற்கோ காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும். காலையில் எங்கள் எல்லோருக்கும் தலை கனத்தது. அதுவும் பெரியப்பா கணக்கிலேயே சேர்ந்தது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அறையில் அடுப்பு இல்லை, மருந்து இல்லை, ஊசி இல்லை, தாழ்ப்பாள் உண்டு. நான் வாசித்து அஞ்ச வேண்டிய ஓர் எழுத்துகூட அங்கே இல்லை. நான் பள்ளிக்கும் அம்மா வேலைக்கும் போகிற நேரத்தில் பூனையை அங்கே விட்டுக் கதவைச் சாத்துவது என்று முடிவாயிற்று. "அண்ணன் பாத்துக்கும்" என்றார் அத்தை.

ஒருநாள் காலை பர்மனென்ட் உள்ளே போக மறுத்தது. என் சட்டைக் கையில் நகங்களை ஊன்றிக்கொண்டு, கட்டிலைப் பார்த்து முதுகை வளைத்துச் சீறியது. "அவரப் பாத்துக் கோச்சிக்குதா? திமிரு" என்று அத்தை அதைப் பிய்த்தெடுத்து உள்ளே விட்டுத் தாழ்போட்டார். நான் பள்ளிக்குப் போனேன்.

மழை வலுத்ததால் மதியத்திலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டாலே சாய்ப்புக்குள்ளிருந்து கத்துகிற பூனை அன்று கத்தவில்லை. தாழை நீக்கியதும் உள்ளிருந்த காற்று சூடாக, கனமாக, இனிப்பு நாற்றத்தோடு முகத்தில் மோதியது. பர்மனென்ட் கதவடியில் இருந்த சந்தில் மூக்கைத் திணித்தபடி கிடந்தது. தூக்கினால் துணிபோல் தொங்கியது. வாய் திறந்திருந்தது, ஈறு செம்பருத்திபோலச் சிவந்திருந்தது.

"தொடாதடி! அண்ணன் கூப்ட்டுக்கினாரு!" என்று பின்னால் அத்தை அலறினார். நான் பூனையை மார்போடு அணைத்து மழைக்கு ஓடி, முருங்கைமரத்தடியில் கிடத்தித் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் கட்டில் நாடா ஒவ்வொன்றாகப் பட், பட் என்று அறுந்தது. யாரோ உடம்பைச் சாய்த்ததுபோல் கட்டிலின் நடுப்பகுதி மெதுவாகக் கீழே இறங்கியது.

"அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு அத்தை உள்ளே நடந்தார்.

ஓடிப்போய் அவர் முந்தானையைப் பிடித்தேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டே போனார். ஒரு கோணி கிழிந்து சரிந்தது. உள்ளே சுவாலை இல்லை, புகையும் அதிகம் இல்லை. ஒரு சிவப்பு மட்டும் இமை திறப்பதுபோல் திறந்து, எங்களைப் பார்த்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது. "அத்த, உள்ள யாருமில்ல! நெருப்பு! கரிதான் எரியுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எந்தச் சொல் அவர் காதில் விழுந்ததோ தெரியவில்லை, நின்றார். அவரை வெளியே இழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டார் மண்வெட்டியோடு வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக மழையில் தள்ளினார்கள். ஒவ்வொன்றும் விழும்போது சீறியது.

பர்மனென்ட் நெடுநேரம் கழித்துத் தலையைத் தூக்கியது. மஞ்சளாக வாந்தியெடுத்தது. குடித்தவர்போல் சாய்ந்து சாய்ந்து நடந்து சுவரில் முட்டிக்கொண்டு, கோபமாக ஒருமுறை கத்தியது. வேலை முடிந்து வந்த அம்மா நடந்ததைக் கேட்டு அதை மடியில் போட்டுக்கொண்டார். மீன்காரம்மா பேச்சை எடுக்கவேயில்லை.

இரவு வந்த அப்பா, கருகிய கட்டில் சட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மைன்ஸ்ல கரியக் குவிச்சி வச்சா தானா சூடேறிப் பத்திக்கும், வெசக் காத்தும் கெளம்பும். அதுமேல தண்ணி அடிச்சிக்கினே இருப்பாங்க, தெனம் பாக்கறேன். அது நம்ம வூட்டுக்கும் வரும்னு தோணவேயில்லியே." பிறகு பூனையைப் பார்த்து, "பர்மனென்ட்ட அவ்ளோ சீக்கிரம் தூக்கிட முடியுமா?" என்றார். அம்மா அழுகையினூடே சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார், படித்தவள் என்பதால்.

"அப்ப அண்ணன் வரவேயில்லியா?"

"இல்ல அத்த. கரிதான்."

அத்தை தலையாட்டினார். அதன்பின் பெரியப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை. இறந்தவருக்கு அன்று இரண்டாம் முறையாகத் துக்கம் காத்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

பொங்கலன்று பர்மனென்ட் போனில் நன்றாகவே கத்தியது. பல ஆண்டுகள் இருந்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு வரிசை நின்ற நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அங்கே இப்போது தோண்டிக் கொட்டிய மண் மலையாகி, மேலே முள் முளைத்திருக்கிறது. அம்மா வேலை செய்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். நாங்கள் கம்மாபுரம் பக்கம் கல்வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே எரிவாயு அடுப்பு. மழை பெய்தால் மண் வாசனைதான் வருகிறது.

வேதியியல் படித்து, அதன்மேல் தீப்பாதுகாப்புப் பயிற்சியும் முடித்த நான், போன திங்கட்கிழமை ஒரு நிலக்கரிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். நானும் கான்ட்ராக்ட்தான். குவியல்களைச் சுற்றிவந்து எங்கே சூடு ஏறுகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். முதல் நாளே மழை. வீட்டைவிட உயரமான ஒரு குவியலின் இடுப்பிலிருந்து வெள்ளையாக ஏதோ எழுந்தது. ஜீப் ஓட்டிவந்தவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. "எறங்காதீங்க மேடம், நனைஞ்சிடுவீங்க. அது ஒண்ணுமில்ல, வெறும் ஆவிதான்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், நான் வெப்பமானியோடு பாதித் தூரம் போயிருந்தேன்.