கம்பத்து எண்

ஜெயபால் டெல்லியில் பறவை பார்ப்பவர்களுக்குக் கார் ஓட்டுகிறவன். விழுப்புரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தான். சாரத்திலிருந்து விழுந்த பிறகு இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஓட்டுநரானான்.

ஆறு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டே பேர்: ஓய்வு பெற்ற அதிகாரி சங்கரநாராயணன், தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் வைதேஹி. மனிதனைக் கண்டு பறக்கும் பறவை காருக்குப் பயப்படுவதில்லை. ஜன்னல் பறவையின் பக்கம் வரும்படி திருப்பி, எஞ்சினை அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்துவான். தும்மலை அடக்கிக்கொள்வான்.

கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பறவைக்காரர்களின் விதி. படம் வெளியிடும்போது ஊர்ப் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் யமுனைக்கு அப்பால் நெல்வயலில் சாரஸ் கொக்கின் கூட்டைப் பார்த்தார்கள். இரண்டு முட்டைகள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது மண்பாதையில் ஒன்பது கார்கள் நின்றன. சேற்றில் கேமராக்களோடு ஆட்கள். கொக்குகள் இல்லை. ஒரு முட்டை தண்ணீரில் கிடந்தது.

திரும்பும் வழியில், சுங்கச்சாவடி தாண்டியதும் சங்கரநாராயணன் கேட்டார்:

"ஜெயபால், புதன்கிழமை யாரைக் கூட்டிண்டு போனே?"

"ஏர்போர்ட் சவாரி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"நான் யாருக்கும் சொல்லல சார்."

"சொன்னேன்னு நான் சொன்னேனா?"

வைதேஹி பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போனை ஒரு தடவை பாக்கலாமா?"

பெட்ரோல் பங்கில் நிறுத்திப் போனைக் கொடுத்தான். மனைவி பொன்னியின் குரல் செய்திகள். மகளின் மதிப்பெண் பட்டியல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க வேண்டிய அப்பளம், புளி. சங்கரநாராயணன் வெகுநேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அழித்திருப்பான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலம் ஜெயபாலுக்குத் தெரியும்.

பறவைக்காரர்களுக்குள் அவனைப் பற்றி ஒருவரிடம் சொன்னால் போதும். இந்த இருவரும் கைவிட்டால் வேறு யாரும் அவனைக் கூப்பிடமாட்டார்கள்.

"மேடம், நீங்க நெட்டுல போட்ட கொக்குப் படத்தக் காட்டுங்க."

காட்டினாள். முட்டைகளின் மேல் குனிந்த கொக்கு.

"பின்னால கம்பம் இருக்கு பாருங்க. பெருசு பண்ணுங்க."

மின்கம்பத்தில் மஞ்சள் பட்டை. அதில் ஊர்ப் பெயரின் எழுத்துகள், கீழே எண்: 117.

"அய்யோ," என்றாள் வைதேஹி. "இத நாலாயிரம் பேர் பாத்திருக்காங்க. நான்தான் போட்டேன்."

சங்கரநாராயணன் படத்தைப் பார்க்கவில்லை. ஜெயபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கே கம்பம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வயல்காட்டுல வேற என்ன சார் இருக்கு? கம்பத்த வச்சுதான் வழி. நூத்திப் பதினேழுல எடது."

"மனப்பாடமா வெச்சிருக்கே."

"வண்டி ஓட்டறவன் சார்."

"மத்த கூடெல்லாம்?"

ஜெயபால் தன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஆந்தை, நாற்பத்திரண்டு. மீன்கொத்தி, கால்வாய் மதகிலிருந்து ஏழாவது.

"அச்சா, அப்படியா," என்றார் சங்கரநாராயணன்.

வைதேஹி படத்தை அழித்தாள். அவனிடம் மன்னிப்பு கேட்டாள். அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, வேறொரு கூட்டைப் பார்க்க, வழக்கம்போலக் கூப்பிட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து வயலுக்குப் பிரியும் இடத்தில் சங்கரநாராயணன் நிறுத்தச் சொன்னார்.

"நீ டீ சாப்பிடு. இங்கேருந்து நான் ஓட்டிக்கறேன்."

வைதேஹி மறுபக்கம் பார்த்தாள். சாவியைக் கொடுத்தான். அவர் எஞ்சினை உறுமவிட்டுக் கியரை மாற்றினார். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பறவை போயிருக்கும்.

டீக்கடைப் பெஞ்சு கார் போன பாதையைப் பார்த்தபடி கிடந்தது. முதல் கம்பம் தெரிந்தது, அதன் எண்ணும். இரண்டாவதைப் படிக்கும் முன் ஜெயபால் எழுந்து, பெஞ்சைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.