புழுவுக்குச் செரித்த மருந்து

விலங்கியல் படித்துவிட்டு நான் திருவண்ணாமலையில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். டப்பாவில் போட்டிருக்கும் அளவைச் சொல்லிவிட்டு, “எதுக்கும் ரெண்டு மூடி ஜாஸ்தியா ஊத்துங்க” என்று எல்லோரிடமும் சொல்வேன். அது எங்கள் கடையின் உபசாரம்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் டிபன் பாக்ஸோடு வந்து திறந்தார். மருந்தடித்து மூன்று நாளாகியும் சாகாத புழு ஒன்று உள்ளே நிலக்கடலை இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

“போலி மருந்தா குடுத்தீங்க?” என்றார்.

கடை மானத்தைக் காப்பாற்றப் படிப்பை எடுத்துவிட்டேன். “மருந்து நல்லதுதாங்க. புழு உடம்புல என்சைம்னு ஒண்ணு இருக்குது. அது விஷத்தை உடைச்சுடும். அது கம்மியா இருக்கற புழு செத்துடுது. ஜாஸ்தியா இருக்கறது பிழைச்சு, அந்துப்பூச்சியாகி முட்டை வெக்குது. அடிக்க அடிக்க அந்த வம்சம்தான் மிஞ்சுது.”

அவர் யோசித்தார். “அடிச்ச அன்னிக்கு நான் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன். எனக்கு அந்த என்சைம் இல்லியா?”

“இருக்குதுங்க. புழு அளவுக்குப் பத்தாது.”

டிபன் பாக்ஸை மூடினார். “சரி, புதுசா எதுனா இருந்தா குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். படியிறங்கியவரைக் கூப்பிட்டு, பழக்கதோஷத்தில் சொன்னேன்: “எதுக்கும் ரெண்டு மூடி ஜாஸ்தியா ஊத்துங்க.”