தனிக் கோப்பையும் பொதுத் துவாயும்: அக்கரப்பத்தனையிலிருந்து டயலிசிஸ் வேனில்

நுவரெலியாப் பயணம் என்றால் எல்லாரும் ஏரியையும் ஸ்ட்ராபெரியையும் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப்போவது டயலிசிஸ் வேனைப் பற்றி. என் அக்கா சரோஜாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. திங்களும் வியாழனும் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வழக்கமாகக் கூடப்போகும் அத்தானுக்குக் கால் சுளுக்கு. அதனால் கொழும்புத் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, இந்தத் திங்கள் நான் போனேன்.

அக்கரப்பத்தனையில் வேன் காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்தான், ஆனால் வளைவும் பனியும் சேர்ந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். போய்வர ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பஸ் மலிவுதான், டயலிசிஸ் முடிந்து தலைசுற்றுகிறவர்களை அதில் நின்றுகொண்டு வரச்சொல்ல முடியுமா? வாந்தி வருகிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, லிந்துலை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

வேனில் நோயாளிகள் நான்கு பேர். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரஹீம் நானாதான் எல்லாருக்கும் பெரியவர், அவருக்கும் டயலிசிஸ்தான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். வழியில் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு நாலு வாய் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றினார். இவர்களுக்குத் தண்ணீர்கூட அளவுதான். முன்சீட்டுகளில் இருந்த எல்லாருக்கும் எவர்சில்வர் கோப்பை. பின்சீட்டில் தனியாக இருந்த செல்வம் அண்ணனுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டிய பிளாஸ்டிக் கோப்பை.

"அவரு ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்காம். போன மாசம் டெஸ்ட்டுல தெரிஞ்சிச்சு. ஒட்டிக்கும்னு பயம்" என்று அக்கா காதோடு சொன்னாள்.

செல்வம் அண்ணன் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர், வாய் ஓயாத மனுசன் என்று கேள்வி. அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழம நான் வரலிங்க நானா. பஸ்ஸுல பாத்துக்கிறேன்" என்றார். பஸ்ஸில் வரமாட்டார், தோட்டத்து லய வீட்டிலேயே முடங்கிவிடுவார் என்று வேனில் எல்லாருக்கும் தெரியும். டயலிசிஸை விட்டால் உயிர் தங்காது என்பதும் தெரியும். நானா ஃபிளாஸ்க்கை மூடி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவை நினைத்தபோது பயமும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வைத்தியசாலையில் செல்வம் அண்ணனுக்குத் தனி அறை, தனி இயந்திரம். நர்ஸ் ஒவ்வொரு ஆளுக்கும் கையுறையை மாற்றினார், கட்டிலைத் துடைத்தார். "மிஸ், ஒரே கோப்பையில குடிச்சா ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"இல்ல, இல்ல. சாப்பாட்டுல, தண்ணியில வாறது வேற வகை. இவருக்கு இருக்கிறது பி. அது ரத்தத்துல போறது. கண்ணுக்குத் தெரியாத துளி போதும். காஞ்சாலும் நாள்கணக்குல இருக்கும்" என்றார். அக்காவுக்குத் தடுப்பூசி இன்னும் முழுசாகப் போட்டு முடியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது, நானுஓயா வருவதற்கு முன்பான வளைவில், ரஹீம் நானாவின் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தது. அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பச்சைத் துவாயை எடுத்தாள். இது அந்த வேனின் வழக்கமாம். யாருக்குக் கசிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் அந்தத் துவாயை மடித்து அழுத்திப் பிடிப்பார். நானா வீட்டில் துவைத்து வரும். செல்வம் அண்ணன் கைக்கும் இத்தனை மாதமாக அதே துவாய்தான். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதை.

"அக்கா, அதத் தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். வைத்தியசாலையில் கொடுத்த பஞ்சுத் துணியை நானாவிடம் நீட்டினேன், அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் சொன்னதை எல்லாருக்கும் சொன்னேன்.

"ஊட்டுல சுடுதண்ணியில அலசித்தானே தாராங்க, தங்கச்சி" என்றார் நானா. பாவம், முகம் செத்துவிட்டது. அந்தத் துவாயில் அன்பைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அப்ப கோப்பையில ஒண்ணுமில்லையா தங்கச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே."

நானுஓயாவில் ஒரு கடையருகே வேன் நின்றது. நானா துவாயைப் பையில் போட்டுக் கட்டி, எரித்துவிடச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தார். கையை நன்றாகக் கழுவிவிட்டு, கடைக் கிளாஸிலேயே எல்லாருக்கும் அரை அரை பிளேன்டீ வாங்கினார். செல்வம் அண்ணனுடையதை அவரே கொண்டுபோய்க் கொடுத்து, பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

டயலிசிஸுக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஆளுக்கு ஆள் சொந்தப் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு அழுத்திப் பிடிப்பதென்றால் கையுறை போடுங்கள். சவரக்கத்தி, இரத்தத்தில் சீனி பார்க்கும் ஊசி எதையும் பகிராதீர்கள். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, எத்தனை ஊசி பாக்கி என்று கேளுங்கள். எங்களைப்போல் எதையாவது பகிர்ந்திருந்தால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். அக்காவும் நானாவும் வேனில் வரும் மற்ற நோயாளியும் வியாழனன்று துவாய் விஷயத்தைச் சொல்லிப் பரிசோதனை கேட்கப்போகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

வேனில் இடம் வேண்டுமானால் முந்தின நாளே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வியாழன் மட்டும் கேட்காதீர்கள், இடம் இல்லை. செல்வம் அண்ணன் வருகிறார்.