தவளைக்கு விட்ட இடைவெளி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. இன்றுவரை எனக்குப் பயம் பேயிடம்தான். ஆனால் கோபம் அதன் மேல் இல்லை, ஒரு மனிதர் மேல்.

நான் ஒலிப்பதிவு செய்பவன். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் குளத்துப் பாட்டைப் பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு குரல்: மழை, தவளை, தும்பி, நாணல். ஒருவர் வரி முடிந்தால்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். தவளையாகப் பேசிய சிறுமிக்குக் கொஞ்சம் மூச்சு இரைக்கும். ஒத்திகையில் அதனாலேயே அசல் தவளையாக இருந்தாள். எனக்கு அந்தக் குரல் அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் மதியம், பள்ளியிலேயே பதிவுக்காக ஒதுக்கிய அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்தான் நின்றார்கள்.

"தவளை எங்க?"

"காய்ச்சல். வரல," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாளாளர். "அந்த இரைப்பு கேக்க நல்லாவா இருக்கு? அவ வரிக்கு இடம் விட்டு எடுங்க. மழைப் பாப்பாவே அப்புறம் அதையும் சொல்லிடும்."

எனக்குச் சுருக்கென்றது. இரைப்பாம்! குழந்தை குரலில் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, தவளைக்கு வைத்திருந்த இரண்டாவது மைக்கின் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

மணி 2.40. பதிவு ஓடியது.

"குளத்தில் வட்டம் வரைவது யார்?" என்றாள் மழை.

இடைவெளி.

"நான் தொட்டால் சின்ன வட்டம்," என்றாள் தும்பி.

மறுபடி இடைவெளி. நான் கை காட்டுவதற்குள் நாணல் தொடங்கிவிட்டான். யாரும் தடுமாறவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் காலி மைக்கைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

அடுத்த இடைவெளி நீண்டது... ஐந்து நொடி... பத்து...

நாணல் பையன் களுக்கென்று சிரித்தான்.

நிறுத்தினேன். "என்னடா சிரிப்பு?"

"தவளை வரியை மாத்திச் சொல்றாங்க சார்."

"எந்தத் தவளை?"

காலி மைக்கைக் காட்டினான். "இந்தப் புது அக்கா."

"என்ன... சொல்றாங்க?"

"'கதவைத் திற, கதவைத் திற'ன்னு."

திரும்பிப் பார்த்தேன். தாளாளரின் முகம் வெளுத்திருந்தது. கை சட்டைப் பையைப் பொத்தியிருந்தது.

என் காதில் மாட்டியிருந்த கருவியில்... ஒயரே இல்லாத அந்த மைக்கிலிருந்து...

டொக்.

டொக்.

டொக்.

"பையில என்ன?"

"நீ சொல்ல வேண்டாம்னதுக்கு அழுது ஊரைக் கூட்டுச்சு... சும்மா கொஞ்ச நேரம்..."

சாவியைப் பிடுங்கினேன். "எந்த ரூம்யா?"

மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளைப் போடும் அறை. திறந்தேன். சிறுமி தூசிக்குள் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம். மூச்சுக்கு இழுக்கும் மருந்து அவள் பையில், பை வகுப்பறையில். அள்ளிக்கொண்டு ஓடினேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"நான் கதவைத் தட்டவே இல்ல சார். கையைத் தூக்க முடியல. உள்ள இருந்த அக்காதான், 'நீ படுத்துக்கோ, உன் வரியை நான் போய்ச் சொல்றேன்'னு போனாங்க."

அந்த அறைக்கு ஒரே கதவு. அது வெளியே பூட்டியிருந்தது.

போலீசில் புகார் கொடுத்தேன். குழந்தை விளையாட்டாக ஒளிந்துகொண்டது என்று கூசாமல் சாதித்தார் தாளாளர். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவைத் தேடிப் போய் அந்த அறையைப் பற்றிக் கேட்டேன்.

"முன்னாடி ஒரு பொண்ணு அந்த ரூம்லயே போயிட்டா தம்பி. தானா போய் மாட்டிக்கிட்டான்னு முடிச்சிட்டாங்க. சாயங்காலம் நான்தான் திறந்தேன்."

"அதுவரைக்கும் யாரும் தேடலையா?"

"தேடினோமே. இவர்தான் சொன்னார்... காய்ச்சல், வரலன்னு."